நெய்யூர் டாக்டரின் கேமரா

எவரெஸ்டின் வடக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒரு கோடாக் கேமரா நூறு வருஷத்துக்கு மேலாகத் தொலைந்து கிடக்கிறது. மடக்கினால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிற சின்னக் கேமரா. 1924 ஜூன் 8ஆம் தேதி ஜார்ஜ் மலோரியும் ஆண்ட்ரூ இர்வினும் அதோடு உச்சிக்குக் கிளம்பினார்கள். மதியம் 12.50 வாக்கில், கீழே இருந்த நோயல் ஓடல் மேகம் விலகிய இடைவெளியில் இரண்டு புள்ளிகள் நகர்வதைப் பார்த்தார். மறுபடி மேகம் மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அவர்களை உயிரோடு யாரும் பார்க்கவில்லை. அந்தக் கேமரா கிடைத்து, உள்ளே இருக்கிற ஃபிலிமைக் கழுவவும் முடிந்தால், ஹில்லரிக்கும் டென்சிங்குக்கும் 29 வருஷம் முன்பே எவரெஸ்ட் உச்சியில் ஆள் நின்றதா என்பது தெரிந்துவிடலாம். அதற்காகவே மலையைச் சல்லடை போட்டுத் தேடிய குழுக்கள் உண்டு.

மலையேற்றக் கதைகள் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் பழைய சங்கதி. ஆனால் அந்தக் கேமரா மலோரியுடையது இல்லை. தன்னுடையதை மறந்துவிட்டு இன்னொருவரிடம் இரவல் வாங்கிக்கொண்டு போனது. கொடுத்தவர் தியோடர் ஹவார்ட் சோமர்வெல். அவர் அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் நெய்யூரில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்.

நம்ம நெய்யூர்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில், திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற நெய்யூர்.

எனக்கு இது தெரியவந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்கூட உண்டு. ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் நான் வினாடி வினாப் பையன். எட்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற 14 சிகரங்களையும், உயரம், முதலில் ஏறியவர், வருஷம் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். அன்னபூர்ணா 1950, எர்சோக், லாஷனால். எவரெஸ்ட் 1953. அதே வருஷம் நங்க பர்வதம், ஹெர்மன் பூல், தனி ஆளாக. கே2 1954, கொம்பாக்ஞோனி, லாச்செதெல்லி. கஞ்சன்ஜங்கா 1955, ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும். சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குக்காக உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்றுகொண்டார்கள். இந்தக் கடைசி விவரத்தைச் சொன்னதற்காகவே நடுவர் ஒருமுறை கை தட்டினார். அன்றைக்குக் கிடைத்த எவர்சில்வர் டிபன் டப்பா அம்மையிடம் இன்னும் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த எனக்கு, வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போகிற ஊரில் எவரெஸ்டில் ஏறியவர் ஒருவர் வாழ்ந்தார் என்று தெரியாது. காரணம் எளிது. அவர் உச்சிக்குப் போகவில்லை. என் பட்டியலில் அப்படிப்பட்டவர்களுக்கு இடமில்லை.

நெய்யூர் என்றால் எனக்கு வேறொன்று ஞாபகம் வரும்: தாத்தாவின் வயிற்றில் இருந்த தழும்பு. தொப்புளுக்கு மேலே நேர்கோடாக, இரண்டு பக்கமும் தையல் புள்ளிகளோடு, பெரிய பூரான் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். குளத்தில் குளிக்கும்போது தொட்டுப் பார்க்க விடுவார். "நெய்யூருல கீறித் தச்சது மக்ளே. வெள்ளைக்கார டாக்டரு. வயித்துப் புண்ணு" என்பார். எந்த டாக்டர் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அவரும் பெயர் சொன்னதில்லை. ஆகவே அவர் வயிற்றைத் திறந்தது சோமர்வெல்தான் என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. ஆசை உண்டு, அவ்வளவுதான்.

சோமர்வெல் 1890இல் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் பிறந்தவர். குடும்பத் தொழில் செருப்பு, பூட்ஸ் தயாரிப்பது. கேம்பிரிட்ஜில் படித்து அறுவை மருத்துவரானார். முதல் உலகப் போரில் சோம் சண்டை தொடங்கிய 1916 ஜூலையில், காயம்பட்டவர்களைப் பார்க்கிற முன்னணி மருத்துவ முகாம் ஒன்றில் இருந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் ஸ்ட்ரெச்சரில் வரிசையாகக் கிடக்க, யாரை முதலில் மேஜைக்கு எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய வேலை. இதைப் படித்தபோது, பின்னால் நெய்யூரில் அவர் கண்ட கூட்டம் அவருக்கு எதை நினைவுபடுத்தியிருக்கும் என்று யோசித்தேன். போரை வெறுக்கிறவராகத்தான் அவர் ஊர் திரும்பினார்.

எவரெஸ்டுக்கு அவர் முதலில் போனது 1922இல். அந்த மலையில் உண்மையிலேயே ஏறிப் பார்க்கலாம் என்று கிளம்பிய முதல் குழு அது. அந்த மே மாதம் 21ஆம் தேதி மலோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் ஆக்சிஜன் இல்லாமல் 26,985 அடி, அதாவது 8,225 மீட்டர்வரை போனார்கள். மனிதர்கள் எட்டாயிரம் மீட்டரைத் தாண்டியது அன்றைக்குத்தான். உடுப்பு என்று பார்த்தால் கம்பளிக் கோட்டு, ஸ்வெட்டர், காலில் சுற்றிய கம்பளிப் பட்டை. இன்றைக்குக் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் எடுத்துப்போகும் ஜாக்கெட்டுகள் இதைவிடத் தேவலை. ஓய்வு நேரத்தில் கூடாரத்துக்குள் மலோரியும் சோமர்வெல்லும் மாறி மாறி ஷேக்ஸ்பியர் வாசிப்பார்களாம். இது போக சோமர்வெல் படம் வரைவார், வழியில் கேட்ட திபெத்தியப் பாட்டுகளுக்குச் சுரக்குறிப்பு எழுதி வைப்பார். எதையும் சும்மா விடாத ஆள்.

அத்தோடு இறங்கியிருக்கலாம். மழைக்காலம் நெருங்கிவிட்டது, புதுப் பனி விழுந்திருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஜூன் 7ஆம் தேதி மலோரி, சோமர்வெல், கிராஃபோர்ட் மூவரும், சுமை தூக்குகிறவர்கள் 14 பேருமாக வடக்குக் கணவாயின் சரிவில் ஏறினார்கள். பனி மொத்தமாகச் சரிந்தது. முன்னால் போன வெள்ளைக்காரர்கள் சிறிது தூரம் இழுக்கப்பட்டு எழுந்துவிட்டார்கள். பின்னால் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்த ஒன்பது பேரைப் பனி, கீழே இருந்த செங்குத்தான விளிம்புக்கு அப்பால் தள்ளிவிட்டது. இரண்டு பேரைத் தோண்டி எடுக்க முடிந்தது. ஏழு பேர் செத்துப்போனார்கள்.

எவரெஸ்டில் ஏறப் போய் மலையில் நிகழ்ந்த முதல் சாவுகள் அவை. மலோரி தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டார். சோமர்வெல்லுக்கு வேறு ஒன்று உறுத்தியது. செத்தவர்கள் ஷெர்பாக்களும், போட்டியா என்ற மலை இனத்தவரும் மட்டும்தான். எங்கள் ஆட்களில் ஒருவராவது ஏன் இவர்களோடு போகவில்லை என்று அவர் பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார். உயிர் பிழைத்த ஒருவர் இப்படி எழுதுவதைப் படிக்கும்போது முதலில் எனக்குக் கொஞ்சம் மிகையாகத்தான் பட்டது. பிறகு அவர் 1924இல் செய்ததைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

நடுவில் நெய்யூர் வந்துவிடுகிறது. 1922 பயணம் முடிந்ததும் அவர் நேராக ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. கையில் அறுபது பவுண்டு வைத்துக்கொண்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி 1838 முதலே இருந்தது. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே நண்பரைப் பார்க்கப் போனவர் கண்டது, ஒரே ஒரு அறுவை மருத்துவரும் அவர் வாசலில் தீராத வரிசையும். சில நாள் தானும் சேர்ந்து கத்தியைப் பிடித்தார். லண்டனில் அவர் படித்த பெரிய ஆஸ்பத்திரியிலேயே அவருக்காக நல்ல வேலை காத்திருந்தது. ஊர் திரும்பி, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நெய்யூருக்கே வந்து சேர்ந்தார்.

ஆனால் மலை விடவில்லை. 1924இல் மறுபடி கூப்பிட்டார்கள். நெய்யூரிலிருந்து எவரெஸ்டுக்குக் கிளம்பினார். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மரச்சீனி என்று நாங்கள் சொல்கிற மரவள்ளித் தோட்டமும் வாழையும் வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர். கொஞ்சம் தள்ளி குளச்சல் கடல். அங்கேயிருந்து ஒருவர் ஐஸ் கோடரியோடு ரயில் பிடிக்கப் போகிறார்.

அந்த வருஷ மே மாதம், வடக்குக் கணவாய் முகாமில் சுமைக்காரர்கள் நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள். உயரம் சுமார் ஏழாயிரம் மீட்டர். மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள், புதுப் பனியில், 1922இல் ஏழு பேர் செத்த அதே சரிவில், இவர்கள் இறங்க பயந்து மேலேயே நின்றுவிட்டார்கள். ஒருவர் கை குளிரில் வீங்கிப்போயிருந்தது. அவர்களை விட்டுவிட்டால் செத்துவிடுவார்கள். மேலே ஏறினால் எல்லோருமே சாகலாம். நார்ட்டன், மலோரி, சோமர்வெல் மூவருமே உடம்பு சரியில்லாதவர்கள், இருமிக்கொண்டிருந்தவர்கள். மே 24ஆம் தேதி மூன்று பேரும் ஏறினார்கள்.

கடைசிப் பகுதியில் சோமர்வெல் கயிற்றின் நுனியில் முன்னே போனார், பின்னால் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இருநூறு அடிக் கயிறு. நான்கு பேரும் நின்ற இடத்துக்குச் சுமார் முப்பது அடி இருக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல், கயிறு எட்டும் இடம்வரை நீங்களே ஒவ்வொருவராக வாருங்கள் என்றார்கள். முதல் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அடுத்த இரண்டு பேர் ஒன்றாகக் கால் வைத்ததும் பனி நழுவியது. விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் எப்படியோ நின்றார்கள்.

சோமர்வெல் அவர்களை அசையாமல் உட்காரச் சொன்னார். தன் இடுப்பில் இருந்த கயிற்றை அவிழ்த்தார். ஐஸ் கோடரியைப் பனியில் குத்தி, கயிற்றை அதில் சுற்றி, அதன் நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி, ஒவ்வொருவரையும் பிடரியைப் பிடித்து இழுத்துவந்தார். நாலு பேரும் அன்று ராத்திரி கீழே வந்து சேர்ந்தார்கள்.

நான் ஒப்பித்த 14 சிகரப் பட்டியலில் இந்த முப்பது அடிக்கு இடமில்லை. அந்தப் பட்டியலைச் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை, உச்சி என்பது ஒரு கணக்கு, அதற்குத் தேதி போட முடியும். ஆனால் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாராவது கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள், அல்லது பிடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

விட்டதற்கு உதாரணம் கே2. 1954 ஜூலை 30ஆம் தேதி, மறுநாள் உச்சிக்குப் போகிற இரண்டு இத்தாலியர்களுக்காக ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்து வால்டர் பொனாட்டியும் பாகிஸ்தானின் வடக்கே இருக்கிற ஹுன்சாவைச் சேர்ந்த அமீர் மஹ்தியும் ஏறினார்கள். நீயும் உச்சிக்குப் போகலாம் என்று ஆசை காட்டித்தான் மஹ்தியைக் கூட்டிப்போனார்கள். சொன்ன இடத்தில் கூடாரம் இல்லை. இன்னும் மேலே, எட்ட முடியாத இடத்தில் போட்டிருந்தார்கள். இருட்டிவிட்டது. கூடாரமோ தூங்கும் பையோ இல்லாமல், எட்டாயிரத்துச் சொச்சம் மீட்டரில் ஐஸில் வெட்டிய திண்டில் இரண்டு பேரும் ராத்திரியைக் கழித்தார்கள். மஹ்தி போட்டிருந்தது காலுக்குப் போதாத பூட்ஸ். விடிந்ததும் உருளைகளை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினார்கள். மற்ற இரண்டு பேரும் வந்து எடுத்துக்கொண்டு உச்சிக்குப் போனார்கள். மஹ்திக்குக் கால்விரல்கள் எல்லாம் போயின. அதற்கப்புறம் அவர் மலை ஏறவே இல்லை. பொனாட்டி சொன்னதுதான் உண்மை என்று இத்தாலிய மலையேற்றச் சங்கம் ஒப்புக்கொள்ள ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

வினாடி வினாவில் எனக்குத் தெரிந்த விடை: கொம்பாக்ஞோனி, லாச்செதெல்லி. முழு மதிப்பெண்.

இதே கே2வில் 1939இல், மேல் முகாமில் தனியாகச் சிக்கிக்கொண்ட டட்லி வுல்ஃப் என்ற அமெரிக்கரைக் கூட்டிவரப் போன பசாங் கிகுலி, பசாங் கிட்டார், பின்சூ என்ற மூன்று ஷெர்பாக்கள் திரும்பவில்லை. வுல்ஃபும் திரும்பவில்லை. அதாவது கயிற்றை நீட்டியவர்கள் பெரும்பாலும் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். சோமர்வெல் மறுபக்கத்திலிருந்து நீட்டியவர். அவர் ஒருவர்தான் அப்படி என்று சொல்ல மாட்டேன். அதே 1924 பயணத்திலும் ஷம்ஷேர் புன், மான் பகதூர் என்ற இரண்டு பேர் செத்தார்கள். அவர்களைக் காப்பாற்ற யாராலும் முடியவில்லை.

சரி, ஜூன் 4க்கு வருவோம். நார்ட்டனும் சோமர்வெல்லும் ஆக்சிஜன் இல்லாமல் உச்சிக்குக் கிளம்பினார்கள். சோமர்வெல்லின் தொண்டை ஏற்கெனவே குளிரில் புண்ணாகியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பல மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மதியம் சுமார் 28,000 அடியில், இதற்கு மேல் என்னால் முடியாது, நீங்கள் போங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியாக 28,126 அடிவரை போய்த் திரும்பினார். பாக்கி இருந்தது ஆயிரம் அடிக்குக் கீழே. அங்கே உட்கார்ந்த இடத்திலிருந்து சோமர்வெல், முன்னால் போகிற நார்ட்டனைப் படம் எடுத்தார். மலையில் ஏறி மனிதன் எடுத்ததில் அதுவரை அவ்வளவு உயரத்திலிருந்து வந்த படம் வேறில்லை.

இறங்கும்போது அவருடைய ஐஸ் கோடரி கைதவறி மலையோடு போய்விட்டது. இருட்டுகிற நேரம் தொண்டையில் ஏதோ அடைத்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த நார்ட்டனைக் கூப்பிடக் குரல் இல்லை. பனியில் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருந்தார். கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று இரண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே பலமாக அழுத்தினார். அடைத்தது ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. அது அவருடைய குரல்வளையின் உள்தோல். குளிரில் செத்து உரிந்து அடைத்திருந்தது. மருத்துவரானதால் அது என்ன என்று அவருக்கே தெரிந்தது. எழுந்து நடந்தார். பல நாளுக்கப்புறம் மூச்சு இவ்வளவு சுகமாக வந்தது என்பதுதான் அவருக்கு அப்போது பட்டதாம்.

இப்படி இறங்கி வந்தவரிடம்தான் மலோரி கேமராவை வாங்கிக்கொண்டார்.

அதே வருஷம் பிப்ரவரியில், பிரான்ஸின் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில், 1922 எவரெஸ்ட் குழுவுக்கு மலையேற்றத்துக்கான பதக்கம் கொடுத்திருந்தார்கள். 21 பதக்கம். அதில் ஏழு, பனிச்சரிவில் செத்த அந்த ஏழு பேருக்கு. ஆக, நம்ம நெய்யூரில் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு ஒலிம்பிக் பதக்கக்காரர் இருந்தார். இதுவும் என் வினாடி வினாவில் வரவில்லை.

நெய்யூரில் அவர் செய்ததை எவரெஸ்ட் கதை மாதிரி சுவையாகச் சொல்ல முடியாது. ஒரே மாதிரி நாட்கள். குடல்புண் எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஊர் வியாதி. சாப்பாடு என்று கிடைத்தது பெரும்பாலும் மரச்சீனியும் கொஞ்சம் அரிசியும்தான். புண்ணால் குடல் அடைத்து, தின்றதெல்லாம் வாந்தியாகி, எலும்பும் தோலுமாக வருகிறவர்களுக்கு வயிற்றைத் திறந்து, இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு வேறு வழி வைத்துத் தைப்பதுதான் சிகிச்சை. நெய்யூர் அதற்குப் பேர்போன இடமானது. அவரும் உடனிருந்த டாக்டர் ஓர் என்பவரும் சேர்ந்து 1930களில் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய்க்கு ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்வதையும் அங்கே கொண்டுவந்தார். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் புற்றுநோய் என்றால் நெய்யூருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

1940களின் கடைசியில் அவர் வேலூர் சி.எம்.சி.க்குப் போய் மாணவர்களுக்கு அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுத்தார். 1961இல் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பினார். அங்கே ஆல்பைன் கிளப்புக்குத் தலைவராக இருந்தார். 1975இல் காலமானார். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் காரக்கோணத்தில் அவர் பெயரில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரிப் பஸ்ஸில் பெயரைப் பார்த்த என் மச்சினன், யாரோ வெள்ளைக்காரச் சாமியார் என்று நினைத்துக்கொண்டிருந்தான். நான் எவரெஸ்ட் என்றதும் நம்பவில்லை. "அவரு ஏறிட்டாரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்பொ சரி" என்றான், ஏதோ சந்தேகம் தீர்ந்த மாதிரி.

1999 மே 1ஆம் தேதி, கான்ராட் ஆங்கர் என்ற மலையேறி மலோரியின் உடலைக் கண்டுபிடித்தார். முகம் குப்புறக் கிடந்தது. முதுகுத்தோல் பளிங்கு மாதிரி வெளுத்திருந்தது. பைகளில் கண்ணாடி, கடிதங்கள் எல்லாம் இருந்தன. கேமரா இல்லை. 2024 செப்டம்பரில் பனிப்பாறை ஆற்றில் ஒரு பூட்ஸ் கிடைத்தது. உள்ளே காலுறையில் இர்வினின் பெயர் தைத்திருந்தது. கேமரா அப்போதும் கிடைக்கவில்லை. ஆக்சிஜன் இல்லாமலே உச்சிக்குப் போக முடியும் என்பதை மெஸ்னரும் ஹாபெலரும் 1978இல் காட்டிவிட்டார்கள், சோமர்வெல் இறந்து மூன்று வருஷம் கழித்து.

போன வருஷம் நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு வேலையாகப் போனேன். வேலை முடிந்தும் உடனே கிளம்ப மனமில்லை. பழைய கட்டடத்தின் பக்கம் நின்றேன். வடக்கே வேளிமலை தெரிந்தது, மேலே மேகம் உட்கார்ந்திருந்தது. ஆபரேஷன் இல்லாத சாயங்காலங்களில் அவர் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு செக்யூரிட்டி வந்து, "யாருக்கு அண்ணே பாக்கணும், ஓ.பி. முடிஞ்சாச்சே" என்றார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தாத்தா 1989இல் இறந்தார், எண்பத்தொரு வயதில், காய்ச்சலில். வயிறு கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முந்தின நாள்கூட மரச்சீனியும் மத்திக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.